பள்ளிவாசலுக்கென்று சொல்லிவிட்ட மைக்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பிழை கண்டால் திருத்தி வாசியுங்கள்.

எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான் கொடுப்பார்கள். மாமியின் ஒரே வளவில் என் மனைவிக்கு ஒரு வீடு, அவளுடைய ராத்தாவுக்கு ஒரு வீடு, நடுவில் தகர வேலி. ராத்தாவின் கணவர், என் சகலன், அரசாங்கக் கந்தோரில் வேலை செய்கிறவர். வியாழன் பின்னேரங்களில் முன்னறை மேசையில் இருந்துகொண்டு பேஸ்புக் நேரலையில் நெல் விளைச்சல் பற்றிக் கதைப்பார். பிறகு அதையே பொட்காஸ்டாகவும் போடுவார். சம்மாந்துறையிலிருந்து கட்டார் வரைக்கும் கேட்கிறார்கள். சட்டைக் கொலரில் ஒரு சின்ன வயர்லெஸ் மைக்.

அவர் சேற்றில் கால் வைத்து நான் கண்டதில்லை. வயல் செய்கிறவன் நான். வேலிக்கு மேலால் அவர் கேட்பார், நான் சொல்வேன். பயிரில் தத்திப் பூச்சி விழுந்தால் மருந்துக்கு ஓடாமல் முதலில் தண்ணீரை வடிய விட வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை நான் சொன்னது, வியாழக்கிழமை அவர் வாயால் வரும். அதைக் கேட்டுக்கொண்டே என் மனைவி குசினியில் மீன் வெட்டுவாள், சிரிப்பாள். கலியாணம் முடித்து இருபத்தாறு வருசம். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

எனக்கும் ஒரு மைக் வேண்டும் என்று நினைத்தேன். அவளுடைய தையல் மேசையில் இருந்து நானும் கதைக்க வேண்டும். என் குரலைக் கேட்டு அவள் ஒரு தரம் கத்தியை வைத்துவிட்டு நிமிர வேண்டும். வேறு ஆசை இல்லை.

கல்முனை பஸாரில் ஒரு கடைக்குப் போனேன்.

"மேசையில இருந்துதானே காக்கா கதைக்கப் போறீங்க?" என்றான் கடைக்காரன். "அப்ப என்னத்துக்கு வயர்லெஸ்? வயர் மைக் இத விட நல்லாக் கேக்குமே."

நியாயம்தான். ஆனால் தண்டில் நிற்கும் அந்த மைக் முகத்துக்கு நேரே என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கொலரில் குத்துவதென்றால் அது இருப்பதையே மறந்துவிடலாம். அதோடு சகலனிடம் இருப்பதும் அதுதான்.

ஒன்றைக் குத்திவிட்டு, "ஏதாவது கதைங்க" என்றான். கடையில் நாலு பேர் நின்றார்கள். "ம்" என்றேன். போட்டுக் காட்டியபோது என் குரலை விட மின்விசிறி பெரிதாய்க் கேட்டது. ஒரு பொத்தானை அழுத்தினான். விசிறி போயிற்று, என் குரல் பானைக்குள்ளிருந்து வந்தது. எது நல்லது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

இதெல்லாம் தெரிந்தவர் எனக்கு ஒருவர்தான். வேலியடிக்குப் போனேன்.

"மச்சான், இந்த வயர்லெஸ் மைக்குல எது நல்லம்?"

"ஆருக்கு மச்சான்?"

எனக்கென்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. "பள்ளிக்கு. பயான் சொல்ற மௌலவிக்கு. குடுக்கிறண்டு நிய்யத்து வெச்சிரிக்கன்" என்றேன்.

அவர் முகம் கனிந்துபோயிற்று. "மாஷா அல்லாஹ்! வாங்க, இப்பவே போவம்."

மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார். "ரெண்டு மைக் உள்ள பெட்டி எடுங்க. ஒண்டுல சார்ஜ் இறங்கினா மத்தது இரிக்கும். வாயில இருந்து ஒரு சாண் கீழ குத்தோணும். சத்தம் குறைக்கிற பொத்தானத் தொட வாணாம், விசிறிய நிப்பாட்டினாச் சரி." எனக்காகவே சொல்கிறார் என்று நினைத்து எல்லாவற்றையும் மனதில் வாங்கினேன். வாங்கிய பெட்டி கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும், பள்ளிக்கு ஆறுதலாகப் பார்க்கலாம் என்றும் நினைத்தேன்.

அந்த வியாழன் அவர் நேரலையில் சொன்னார்: "என்ட சகலன் நம்மட பள்ளிக்கு மைக் குடுக்கப் போறாரு. எல்லாரும் துஆ செய்ங்க."

மனைவி குசினியிலிருந்து ஓடி வந்தாள். கையில் மீன் செதில், கண் நிறைந்திருந்தது. "எனக்கிட்டயும் சொல்லாம இரிந்திட்டீங்களே!" கத்தியை வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அதுவும் அவர் குரலுக்கு.

அல்லாஹ்வின் வீட்டுக்கென்று வாயால் சொன்ன பொருளை வீட்டில் வைத்திருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். மௌலவி கொலரில் குத்திக்கொண்டு தொண்டையைச் செருமினார். தெளிவாகக் கேட்டது. அவர் மீதும் பொறாமை வந்தது, அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

பகல் சாப்பிடும்போது மனைவியிடம் சொல்லிவிட்டேன். "மச்சான் சொல்ற வயல் கதையெல்லாம் நான் சொல்லிக் குடுக்கிறதான்."

"ஓம், தெரியும்" என்றாள், சோற்றுக்கு ஆணம் ஊற்றிக்கொண்டே. "ஆனா அவரு சொன்னாத்தான் கேக்க நல்லாரிக்கி. நீங்க சொன்னா மாப்பிள்ள கேட்டு வந்த ஆள் மாதிரி இழுப்பீங்க."

அடுத்த கிழமை சகலன் வேலிக்கு வந்தார். "மச்சான், கதிர் பால் பிடிக்கிற நேரம் வாற பூச்சிக்கு என்ன செய்ற?"

"தெரியா" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியாட்டி ஆருக்குத் தெரியும்?" என்று சிரித்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

அந்த வியாழன் அவர் தடுமாறினார். மனைவி பாதியில் போனை நிறுத்திவிட்டாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. இரவுச் சோறும் ஒரு பிடி கூட இறங்கிற்று.

சனிக்கிழமை உச்சி வெயிலில் பக்கத்து வயல்காரர் மருந்தடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் அடித்து ஒரு பயனும் இல்லை. "ஒங்கட சகலன் வியாழக்கிழம ஒண்டும் விளக்கமாச் சொல்லல்லையே" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மூன்று நாளாக அந்த முகம் போகவில்லை.

நெல் பூக்க முன்னமே வரம்புப் புல்லை வெட்டிவிடுங்கள். கதிர் பால் பிடிக்கும்போது வரும் பூச்சி முதலில் அங்கேதான் குடியிருக்கும். வெயில் ஏறினால் பயிரின் அடியில் ஒளிந்துகொள்ளும், ஆகவே விடிந்ததும் போய்ப் பாருங்கள். மருந்தடிப்பதென்றாலும் அந்த நேரம்தான். சகலனுக்கும் இந்தத் தாளைக் கொடுப்பேன். வியாழக்கிழமை அவர் வாசிக்கட்டும். ஆனால் இதைச் சொன்னது நான்.

2025 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை.