அரக்கு வைத்த டீசல் மூடி

என் மேசை இழுப்பறையில் ஒரு டீசல் டாங்கின் மூடி கிடக்கிறது. பித்தளை. விளிம்பில் சிவப்பு அரக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது; அதில் ஒரு கட்டைவிரலின் தடம். வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பிய மருமகள் ஒருமுறை அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டாள். நான் பதறியடித்து எடுத்ததைப் பார்த்து, "என்ன மாமா, தங்கமா?" என்றாள். தங்கமாவது மண்ணாவது! ஒரு நல்ல மனிதரை எங்கள் கடையை விட்டு ஓட்டிய மூடி அது.

அந்த விரல் என் மச்சானுடையது, அக்காவின் கணவர். மலாக்காவில், பண்டார் ஹிலிரில் அவருக்கு மளிகைக் கடை, காஜா பெராங்கில் வீடும் கிடங்கும். நான் அவரிடம்தான் வேலை பார்த்தேன். எடை போடுகிறவன் மேல் அவருக்குச் சந்தேகம், எடைக்கல் மேலும் சந்தேகம். மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திரம், நெருங்கிக்கொண்டிருந்த காலம். அதற்குச் சில வருஷம் முன்பு, அவசரகாலச் சோதனைச் சாவடிகளில் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஏதாவது போகிறதா என்று போலீஸ் எங்கள் அரிசி மூட்டைகளைக் கம்பியால் குத்திப் பார்த்ததை அவர் மறக்கவே இல்லை. "அவனுங்க என்னை நம்பல. நான் மட்டும் எவனை நம்பணும்?" என்பார். சிங்கப்பூருக்குப் போகும் மிளகுப் பொட்டலங்களின் முடிச்சில் அரக்கை உருக்கி ஊற்றி, கட்டைவிரலில் எச்சில் தொட்டு, ஆறுவதற்குள் அழுத்திவிடுவார். முத்திரை அச்சு ஒன்று செய்துகொள்ளலாமே என்றேன். "அச்சைத் திருடலாம்டா. விரலைத் திருட முடியுமா?" என்றார். அக்கா அடுப்படியிலிருந்தே முணுமுணுப்பாள்: "இந்த மனுசன் தன் நெழலையும் உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் படுக்கும்."

தோட்டக் கடைகளுக்குச் சரக்குப் போட ஒரு டீசல் வேன் இருந்தது. ஏதோ கம்பெனி கழித்துவிட்டதை வாங்கியது. டிரைவர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். காலையில் அந்த வேனைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மழை பெய்து குளிர்ந்த விடியல் என்றால் கேட்கவே வேண்டாம். ஹீட்டர் கம்பி சிவக்கும்வரை காத்திருந்து ஸ்டார்ட்டரைப் போட்டால், வெள்ளைப் புகையைக் கக்கி, இருமி, அடங்கிவிடும். சீன ஒர்க்‌ஷாப் தவுக்கே, அதாவது முதலாளி, சூடேறாத ஹீட்டர் பிளக் ஒன்றைக் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தார். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. ஆனால் அதற்குள் மச்சானின் மனதில் ஒன்று விழுந்துவிட்டது: டிரைவர் டீசலை உறிஞ்சி விற்றுவிட்டு மண்ணெண்ணெயைக் கலக்கிறார். அத்தாட்சி? "புதுச் சட்டை போட்டுட்டு வர்றானே, ஏதுடா?" தீபாவளி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஐயா!

அன்று மாலையே டாங்க் மூடியைச் சுற்றி அரக்கை ஊற்றி விரலை வைத்தார். டீசல் போடும்போது அவரே உடைப்பார், அவரே மறுபடி வைப்பார். மூடியின் நடுவில் குண்டூசித் தலையளவு ஒரு துளை இருந்தது. அதில் குழாயை விட்டு உறிஞ்சிவிடுவான் என்று அதையும் அரக்கால் அடைத்தார். குண்டூசித் துளையில் குழாயாம்! சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

அதிலிருந்து வேன் அடியோடு படுத்துவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. டிரைவர் டீசல் குழாயின் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து அடித்து, நுரை நுரையாக வரும் காற்றை வெளியேற்றுவார். வெயில் ஏறிய பிறகுதான் வண்டி நகரும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். புக்கிட் காதில் என்ற ஊரைத் தாண்டித் தோட்டக் கடைகளுக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வேறொருவருடைய லாரி சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கும். எங்கிருந்தோ காற்றுப் புகுகிறது, இடம் பிடிபடவில்லை என்று தவுக்கேயும் கையை விரித்துவிட்டார். மச்சான் குனிந்து முத்திரையைப் பார்ப்பார். உடையவில்லை. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு மனம் ஆறியிருக்கும். இவரோ, "முத்திரை ஒடையலன்னா வேற வழி வச்சிருக்கான்னு அர்த்தம். அந்த லாரிக்காரன்கூடச் சேந்துக்கிட்டு வண்டியப் படுக்க வைக்கிறான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அக்கா வீட்டுச் சோறு தின்கிறவன் எவ்வளவு பேச முடியும்?

ஒரு காலை, பம்படித்துக் கை கன்றிப்போய் நின்ற டிரைவரிடம், "சாவியக் குடுத்துட்டுக் கெளம்புப்பா" என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி அப்போது நிறைமாதம். வேலை போனால் இன்னொன்று தேடலாம். திருட்டுப் பட்டத்தோடு போனால் மலாக்காவில் எந்த முதலாளியும் அவரிடம் வண்டியைக் கொடுக்கமாட்டார்.

"போறேன் முதலாளி. ஆனா திருடன்கிற பேரோட போக மாட்டேன். நீங்களே தொறந்து அளந்து பாருங்க" என்றார் டிரைவர்.

மச்சான் அரக்கைத் தட்டி உடைத்து மூடியைத் திருகினார். 'ஸ்ஸ்ஸ்' என்று டாங்க் காற்றை உள்ளே இழுத்தது. மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார். ஓடிய தூரம் போக இருக்க வேண்டிய டீசல் அப்படியே இருந்தது. காப்பிக்காகப் பால் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்த அக்கா, "அலாமாக்!" என்றாள். "ஏங்க, பால் டின்னுல ஒரே ஒரு ஓட்ட போட்டுக் கவுத்தா பால் வருமா? காத்துப் போக இன்னொரு ஓட்ட வேணாமா? வண்டி செஞ்சவன் வச்ச ஓட்டைய நீங்க அடச்சு வச்சிருக்கீங்க!"

அவ்வளவுதான் விஷயம். டீசல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போக வழியில்லை. ஓடும்போது பம்ப் எப்படியோ இழுத்துக்கொண்டது. வண்டி நின்ற பிறகு டாங்க் குழாயிலிருந்த டீசலைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள, பழைய இணைப்பு ஒன்றின் வழியாகக் காற்றுப் புகுந்திருக்கிறது. டிரைவர் ஓர் ஆணியை எடுத்துத் துளையைக் குத்தித் திறந்தார். மறுநாள் காலை நல்ல மழை. முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்தது.

மன்னிப்பு என்ற சரக்கை மச்சான் எந்தக் காலத்திலும் கொள்முதல் செய்ததில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "சரி சரி, இனிமே அரக்கு வேணாம்" என்றார். டிரைவர் எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி வந்தார்.

"இருக்கட்டும் முதலாளி, அரக்கு வைங்க. அது இல்லாம நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு கொறஞ்சா, மொதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பீங்க."

சொல்லிவிட்டு மழையிலேயே நடந்து போய்விட்டார். பிறகு பஸ் ஓட்டினார். சாலையில் என்னைக் கண்டால் ஹாரன் அடிப்பார்; மச்சான் கூட இருந்தால் அடிக்கமாட்டார். வேன் அதன்பின் ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. காலையில் அது சட்டென்று கிளம்பும் சத்தம் கேட்டதும் மச்சான் எழுந்து உள்ளே போய்விடுவார். வேனை விற்றபோது அதற்கு வேறு மூடி போட்டு, இதை என்னிடம் நீட்டி, "தூக்கிப் போட்டுருடா" என்றார். நான் போடவில்லை.

இப்போது என் மகன் தன் கடையின் எல்லா மூலையிலும் கேமரா வைத்திருக்கிறான். வேலைக்கு வருகிற பிள்ளைகள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மூட்டையைத் தொடுகிறார்கள். அதைப் பார்க்கிற நாளில் வீட்டுக்கு வந்து இந்த மூடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். திருடனைப் பிடிக்க வைத்த அரக்கு. அதில் டிரைவரின் விரல் எங்கும் இல்லை. மச்சானின் விரல் மட்டும்தான் இருக்கிறது.