பனியன் அளவில் ஒரு சூளை

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். ஒரு டீசர்ட்டைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவார். அந்தத் திமிரில்தான், "சூளைக்கு வரைபடம் எதுக்குப் புள்ள வெளியே போய்க் கேக்கறே? நான் போட்டுத் தர்றேன்" என்றார். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

நான் களிமண்ணில் சிலை செய்கிறவள். சுடுவதற்காக வெளியூர்ச் சூளைக்கு வேனில் அனுப்பிய இரண்டு சிலைகள் போகிற வழியிலேயே விரிசல் விட்டுவிட்டன. அடுத்து, கால் மடக்கி உட்கார்ந்து தலை பின்னிக்கொள்ளும் ஒரு பெண்ணைச் செய்தேன். என் கைக்கு வந்ததில் இவள்தான் உருப்படி. இவள் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் இனி மண்ணையே தொடுவதில்லை என்று வீட்டில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அதனால் அவிநாசிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்திலேயே விறகுச் சூளை கட்டுவதென்று முடிவானது.

அவர் பழுப்புக் காகிதத்தை விரித்து ஜோராக வரைந்தார். தீ வைக்கிற வாய் முன்னால், சிலை நடுவில், புகைபோக்கி பின்னால். மேல்வளைவுக்கு அட்டையில் பேட்டர்னே வெட்டிக் கொடுத்தார். கொத்தனார் அதை வைத்துப் பிசகாமல் கட்டினார். சிலையை உள்ளே வைத்துப் பார்த்தால், பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்து சீட்டாடலாம்!

"ஏனுங்க, எப்படி அளந்தீங்க?"

"காலோட சேத்துச் சுத்தி டேப்பைப் புடிச்சேன். அதுல பாதியப் போட்டேன். கம்பெனியில அப்படித்தான புள்ள?"

பனியனை மேசையில் விரித்தால் தட்டையாகக் கிடக்கும். சுற்றளவில் பாதிதான் அகலம். உட்கார்ந்திருக்கிறவள் தட்டையாகவா கிடப்பாள்? உருண்டையாக இருக்கிறவளுக்கு மூன்றில் ஒரு பங்கே போதும். "இவளை இஸ்திரி போட்டா உள்ள வெக்கப் போறீங்க?" என்று கத்தினேன். மனுசன் சிரிக்கிறார்!

சூளை காலியாக இருந்தால் தீ நேரே புகைபோக்கிக்கு ஓடிவிடும். சாமான் நெருக்கமாக இருந்தால்தான் சூடு சுற்றி நிற்கும். இடித்துக் கட்டவும் மனசு வரவில்லை. அவரே கம்பெனியில் பேசி, தைத்த பனியனில் குறை தேடி, மேஜர் என்றால் கழித்து மைனர் என்றால் விட்டுவிடுகிற செக்கிங் பெண்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்தார். டம்ளர், உண்டியல், யானை என்று அவர்களே சொல்லிக்கொண்ட ஏதோ ஒன்று எனக் கைக்கு வந்ததைச் செய்தார்கள். எல்லாம் நன்றாகக் காய்ந்ததும் என் பெண்ணைச் சுற்றி நெருக்கி அடுக்கி, வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, முன்வாயில் தீ வைத்தோம். வேலமர விறகு, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை.

சூளை ஆறிய பிறகு, அந்தப் பெண்களையும் கூட வைத்துக்கொண்டுதான் பிரித்தேன். டம்ளர்களைத் தட்டினால் கணீரென்றன. அந்த யானைகூடப் பிழைத்துவிட்டது. என் பெண்ணும் செக்கச்செவேலென்று உட்கார்ந்திருந்தாள். தோளில் மட்டும் மயிரிழை மாதிரி ஒரு கீறல்.

"அவ்வளவுதானுங்க, முடிஞ்சது" என்றேன். வெட்கமே இல்லாமல் எல்லார் முன்னாலும் அழுதேன்.

செக்கிங் பெண்களில் மூத்தவள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. ஒரு தையல் விட்டிருந்தாலும் பீஸைத் தூக்கித் தனியே எறிந்துவிடுவாள், முதலாளியே கெஞ்சினாலும் திரும்ப எடுக்கமாட்டாள் என்று கம்பெனியில் பேச்சு. அவள் முன்னால் வந்து சிலையை வெளிச்சத்துக்கு நகர்த்தச் சொன்னாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கீறலின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டினாள்.

"இது மேஜர் இல்லக்கா, மைனருதான்" என்றாள். "பாஸு. அடுத்த பீஸை எடுங்க."