ரொவீஞ்ஞோ வீட்டுக்குத் தீக்காப்பீடு

முந்நூறு பக்கத் தீக்காப்பீட்டுக் கட்டணப் புத்தகத்தை ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்தவள் நான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். பக்கம் அறுபது, ஒரு ராத்திரி அல்ல, மூன்று வாரம், செய்தவளும் நான் இல்லை, என் தோழி நிவெஸ். மற்றபடி அத்தனையும் உண்மை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில், த்ரியெஸ்தே துறைமுக நகரத்தின் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் எங்கள் ஒன்பது பேரைப் பயிற்சிக்கு எடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து நாலு பேருக்குத்தான் வேலை. வேலை இல்லையென்றால் எனக்கு அப்பாவின் மீன்கடை இருந்தது. நிவெஸுக்கும் அவள் அம்மாவுக்கும் இருந்தது பழைய தானியக் கிடங்கில் ஒரு மறைப்பு: மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் போர்வை. போருக்குப் பின் எல்லைக்கோடு மாறி, அவர்களுடைய கடலோர ஊரான ரொவீஞ்ஞோ அடுத்த நாட்டுக்குப் போய்விட்ட பிறகு, அங்கிருந்து வந்தவர்களை அங்கேதான் தங்கவைத்திருந்தார்கள். பகலிலும் விளக்கு வேண்டும். வேலை கிடைத்தால் அம்மாவுக்கு ஜன்னல் உள்ள ஓர் அறை பிடிப்பேன் என்பாள். வேறெதையும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

பயிற்சி கொடுத்தவர் வெக்கியெத் என்ற கிழட்டுச் சிங்கம். காலையில் கதவைப் படாரென்று திறந்து வருவார். ஒருநாள் கடை எரிந்துபோன கசாப்புக்காரராக, ஒருநாள் காது கேட்காத விதவையாக நடிப்பார். எதிரே நிற்பவள் கட்டணத்தைத் தப்பாகச் சொன்னால், "என் கடையைக் கொளுத்தினதே நீதான்!" என்று மேஜையைக் குத்துவார். நிவெஸ் வாரத்துக்கு ஒரு பென்சில் தின்றாள். சரி, நுனியை மட்டும்.

"தூக்கத்துல கூட ஓட்டுக்கூரைக்கு எவ்வளவுன்னு கத்தறேனாம்டி," என்றாள் ஒருநாள். "போர்வைக்கு அந்தாண்ட இருக்கிற கிழவர் சரியா பதில் சொல்றாராம்."

"அப்போ அவரையே தேர்வுக்கு அனுப்பு!" என்றேன். அவள் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

கடைசி நாள் தேர்வு. "ஒரு கற்பனை வீட்டுக்குப் பாலிசி எழுதுங்க. படிவத்துல ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக்கூடாது," என்றார் வெக்கியெத். நாங்கள் நாலு சுவர், ஒரு கூரை என்று அரை மணியில் முடித்துவிட்டோம். நிவெஸ் இரண்டு மணி நேரம் தலை நிமிராமல் எழுதினாள்.

அவர் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். கல் படிக்கட்டு, ஏழாவது படியில் விரிசல். முற்றத்தில் இரும்பு மூடி போட்ட கிணறு. தெற்குச் சுவரை ஒட்டி அத்திமரம். ஜன்னல்கள் பதினொன்று, பச்சைக் கதவுகள். ஒன்றைச் சரியாகச் சாத்த முடியாது.

கண்ணாடியைக் கழற்றினார். "எந்த ஊரு வீடும்மா இது?"

"ரொவீஞ்ஞோ, சார்."

"இப்ப யாரு இருக்காங்க?"

"தெரியாது, சார்."

"ஒரு பொருள் போனா அதை வச்சிருக்கிறவருக்கு நஷ்டம் வரணும், அதுக்குத்தான் பாலிசி. ஏற்கெனவே போனதுக்குக் கிடையாது. முதல் நாள், முதல் பாடம். இதை மறந்தவளை நான் எப்படி வேலைக்கு வைக்கிறது?"

நிவெஸின் காது மடல் சிவந்தது. "கற்பனை வீடுன்னுதானே கேட்டீங்க, சார்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி. பிரீமியம் எவ்வளவு?"

மரத்தளம், ஓட்டுக்கூரை, கிணற்றின் தூரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, புத்தகத்தைத் தொடாமல் சொன்னாள். அவர் தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டார். பயிற்சிப் படிவங்களை அன்றன்றே கிழித்துப்போடுவது வழக்கம். அவளுடையதை மட்டும் நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தார்.

மறுமாதம் அதே நகரத்தின் சான் ஜாக்கொமோ மேட்டில் நிவெஸுக்கு அறை கிடைத்தது. ஒரே ஜன்னல், எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். அவள் அம்மா மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் சாயங்காலம்வரை அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

நிவெஸ் முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் வீடுகளுக்குப் பாலிசி எழுதினாள். இப்போது எல்லையில் யாரும் தடுப்பதில்லை. ரொவீஞ்ஞோவுக்குப் பேருந்தில் அரை நாள்கூட ஆகாது. மீன் சாப்பிட்டு வரலாம் வா என்று கூப்பிட்டால், "இன்னொரு ஞாயித்துக்கிழமை" என்பாள். படிவம் அவள் சமையலறை இழுப்பறையில் இருக்கிறது.

இதை எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள்.

"உன் புளுகு போக மத்ததெல்லாம் சரி, ஒந்தீனா. ஆனா ஜன்னல் பன்னெண்டு."

"படிவத்துல பதினொண்ணுதானேடி இருக்கு?"

"சமையக்கட்டு ஜன்னலை நான் எழுதல. கடல் தெரிஞ்சது அது ஒண்ணுலதான். எழுதினா, வெக்கியெத் அதுக்கும் விலை போடச் சொல்வாரே."