மாணிக்கவேலுக்கு மட்டும் அடங்கிய வண்டி

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பியூஸ் கட்டை செய்கிற கோவிந்தராசு முதலாளியிடம் அறுபத்தெட்டாம் வருஷத்து அம்பாசடர் ஒன்று இருந்தது. டிரைவர் மாணிக்கவேலைத் தவிர வேறு யாராலும் அதை ஓட்ட முடியாது. இது ஊரறிந்த சேதி. ஊருக்குச் சொன்னதே மாணிக்கவேல்தான் என்பது வேறு விஷயம்.

ஆனால் மனுஷர் பொய் சொல்லவில்லை. முதலாளி மகன் கோகுலகிருஷ்ணன் ஒருமுறை ஆசைப்பட்டு எடுத்துப் போனான். மணிமுத்தாறு பாலத்தைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் இடதுபக்க வாய்க்காலில் இறங்கி நின்றான். கம்பெனி லாரி ஓட்டும் பாண்டியன், "நான் பாக்காத வண்டியா?" என்று ஏறி உட்கார்ந்து, இடதுபக்கமெல்லாம் வேலிமுள் கீறலோடு திரும்பி வந்தான். "அதோட கொணம் தெரிஞ்சவன் கையிலதான் அடங்கும்" என்று மாணிக்கவேல் மீசையைத் தடவிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரு வண்டியைத்தான் ஓட்டினார். வேறு வண்டியின் ஸ்டியரிங்கை அவர் தொட்டதே இல்லை. தொட வேண்டிய அவசியமும் வரவில்லை.

அந்த வண்டியின் முரட்டுத்தனம்தான் அவருக்குச் சோறு போட்டது. மகன் புதுக் கார் வாங்கித் தானே ஓட்ட ஆரம்பித்தபோது, "இனிமே டிரைவரு எதுக்குப்பா?" என்று கேட்டான். "அம்பாசடர யாருடா ஓட்டுவா?" என்றார் முதலாளி. ஐம்பத்தாறு வயதில் மாணிக்கவேலின் பிழைப்பு அந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்து ஆறில், பள்ளம் வந்தாலே வண்டியின் முன்பக்கம் டொக் டொக்கென்று அடிக்க ஆரம்பித்தது. "பழைய வண்டின்னா சத்தம் வரத்தாங்க செய்யும்" என்று வழக்கம்போல மழுப்பிப் பார்த்தார் மாணிக்கவேல். இந்தத் தடவை முதலாளி காது கொடுக்கவில்லை. வண்டி ஜங்ஷன் ரோட்டு மெக்கானிக் ராஜாங்கத்திடம் போயிற்று.

ராஜாங்கம் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டான். முன்சக்கரங்களைத் தாங்கும் கைகளைக் கழற்றி, சக்கரம் திரும்பும் அச்சான தேய்ந்துபோன கிங்பின், பிய்ந்த ரப்பர் புஷ் எல்லாவற்றையும் தூக்கிவிட்டுப் புதுசு போட்டான். கழற்றிய பழைய சாமான்களை ஒரு சாக்கில் கட்டி டிக்கியில் வைத்துக் கொடுத்தான். பழசைக் கண்ணால் பார்த்தால்தானே புதுசு போட்டதை நம்புவார்கள்.

மாணிக்கவேல் வண்டியை எடுத்தார். நூறு அடி போவதற்குள் வண்டி நடுரோட்டுக்கு வந்துவிட்டது. எதிரே களிமண் ஏற்றிய லாரி. பதறி ஒடித்துத் திருப்பினார். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் வலதுபக்கம். லாரிக்காரன் திட்டிய திட்டு கம்பெனி வாசல் வரைக்கும் காதிலேயே இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. என்ன ஆயிற்று என்று அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ராஜாங்கம் ஏதோ கெடுத்துவிட்டான், அது மட்டும் நிச்சயம் என்று நினைத்தார்.

அந்த நிச்சயமும் மறுநாள் போயிற்று. முதலாளியின் மருமகள் சண்முகப்ரியா சாவியை எடுத்துக்கொண்டு கடைவீதி வரை போய், பூ வாங்கிக்கொண்டு, ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தாள்.

"சூப்பரா ஓடுது மாமா. ஒரு கையிலயே ஓட்டலாம் போலருக்குது."

முதலாளிக்குச் சந்தோஷம். மாணிக்கவேல் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெண் ஓட்டினால் நேராகப் போகிற வண்டி, தான் உட்கார்ந்தால் ஏன் இப்படிப் பண்ணுகிறது? கண் மங்கிவிட்டதா? கைக்கு ஏதாவது வந்துவிட்டதா? வராந்தாவில் நின்று ஒரு கண்ணைப் பொத்தி காலண்டர் தேதியைப் படித்தார். மறு கண்ணைப் பொத்திப் படித்தார். இரண்டிலும் ஒரே தேதிதான் தெரிந்தது.

அன்று மத்தியானமே ஒரு சைக்கிள் வேகத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு ராஜாங்கத்திடம் போனார். டிக்கியைத் திறந்து சாக்கை இறக்கினார்.

"தம்பி, பழசையே மாட்டிக் குடுத்துரு."

ராஜாங்கம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இந்தத் தொழில்ல இருவது வருசமா இருக்கேண்ணே. தேஞ்சத திருப்பி மாட்டச் சொன்ன மொத ஆளு நீங்கதான்."

"உன் புதுசு வலதுபக்கம் இழுக்குதுப்பா."

ராஜாங்கம் அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். ரோடு காலியான இடத்தில், "கைய எடுங்கண்ணே" என்றான். மாணிக்கவேலால் எடுக்க முடியவில்லை. எடுத்தால் கவிழ்ந்துவிடும் என்றே உடம்பு சொன்னது. ராஜாங்கம் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டான். வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போனது.

"வண்டி இழுக்கலண்ணே. நீங்க இழுக்குறீங்க. இடதுபக்கம் கிங்பின்னு ஒரு பக்கமா தின்னு போயி, வண்டி எப்பவும் இடதுல சாஞ்சே ஓடியிருக்குது. நீங்க இத்தன வருசமா வலதுல இழுத்துப் புடிச்சே ஓட்டியிருக்கீங்க. தோள்பட்டை வலி இல்ல?"

இருந்தது. எண்ணெய் தேய்த்தார், பற்றுப் போட்டார், வயசு என்று விட்டுவிட்டார். அவருக்குக் கோபமாக வந்தது. "ஏன்டா, இத ஒருத்தனும் எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் ஒரு மெக்கானிக்கயும் முன்பக்கத்தத் தொட வுடலயேண்ணே."

உண்மைதான். மாணிக்கவேலுக்குச் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடத்தில் ஒரு கல்யாணம். முதலாளி வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து நின்றார். பின்கதவைத் திறந்துவிட வேண்டிய மாணிக்கவேல் கைகட்டி நின்றார்.

"சின்னம்மாவ ஓட்டச் சொல்லுங்க மொதலாளி. எனக்கு இந்த வண்டி ஓட்டத் தெரியலிங்க."

சொல்லும்போதே தன் வேலைக்குத் தானே உலை வைக்கிறோம் என்று தெரிந்தது. ஆனால் வண்டியில் ஏறப்போகிறவர் இந்த மனுஷர். எதிரே வரும் லாரிகளுக்கு மாணிக்கவேலின் பிழைப்பைப் பற்றி என்ன கவலை?

"இருவத்திரண்டு வருசம் ஓட்டுனவன் பேசுற பேச்சா இது?"

"நான் எங்கிங்க ஓட்டுனேன்? அது இழுத்துக்கிட்டுப் போச்சி, நான் புடிச்சிக்கிட்டு இருந்தேன். அவ்ளோதாங்க."

முதலாளி அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். என்ன புரிந்ததோ, பின்கதவை விட்டுவிட்டு முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"முகூர்த்தத்துக்கு நேரம் இருக்குது. மெதுவாவே போ. நடுரோட்டுக்குப் போனா நான் சொல்றேன்."

மாணிக்கவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு ஏறினார். கியர் விழுந்தது. கால்கள் தம் வேலையைச் சரியாகச் செய்தன. ஸ்டியரிங்கை எவ்வளவு பிடிப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.