பத்திரமா இருக்கும்

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடையின் முதலாளியம்மாவை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்குச் சேர்ந்த அன்றே என் பாஸ்போர்ட்டை வாங்கி, கல்லாவுக்குக் கீழே இருந்த பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"நீ தொலைச்சிடுவே. என்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."

நானும் நம்பித் தொலைத்தேன்.

ஊரில் அப்பா இறந்த செய்தி வந்ததும் அவரிடம் போய்ப் பாஸ்போர்ட்டைக் கேட்டேன்.

"போனா திரும்பி வருவியா? இங்கேருந்தே அழுதுக்க" என்றார்.

அப்பாவை அங்கே புதைத்த நேரத்தில் நான் இங்கே பரோட்டா மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த வாரம், மதியக் கூட்டத்துக்கு நடுவில் அக்கா தன் போனை என்னிடம் நீட்டி, "சார்ஜ் போடு" என்றார். நான் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கேட்டார்.

"என்கிட்டயே இருக்கட்டும்க்கா. நீங்க தொலைச்சிடுவீங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"திருடி! போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. அப்படியே என் பாஸ்போர்ட் எங்க இருக்குன்னும் சொல்லிடுங்க."

பணம் கட்ட நின்ற ஒருவர் அக்காவைப் பார்த்து, "அடுத்தவங்க பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வச்சிருந்தா இங்க கேஸாயிடும் லா, சிஸ்டர்" என்றார்.

அக்கா குனிந்து பெட்டியைத் திறந்தார். பாஸ்போர்ட் என் கைக்கு வந்த பிறகுதான் போனைக் கொடுத்தேன்.

அவரை மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறார்கள். இல்லை. அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அக்கா முகத்தையாவது அன்றைக்கு ஆசை தீரப் பார்த்துக்கொண்டேன்.