வலது கண்ணுக்கு வயது அறுபத்து மூன்று

போன வருடம் ஆடி மாதம். தூத்துக்குடி திரேஸ்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்ச் ஹாலில் கண் பரிசோதனை முகாம். நான் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் விழித்திரையைப் படமெடுக்கும் வேலை பார்க்கிறேன். தாடையை வைத்து நெற்றியை ஒட்டிக்கொண்டால் போதும், கருவி தானே பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்துக் கண்ணின் உட்புறத்தைப் படம் பிடித்துவிடும். அதில் ஓடும் ரத்தக்குழாய்களை வைத்து, இந்தக் கண்ணுக்கு வயது இத்தனை என்று கம்ப்யூட்டர் ஒரு கணக்குச் சொல்லும். நிஜ வயதைவிட ரொம்ப அதிகமாகச் சொன்னால் ரத்தக்கொதிப்போ இதயக் கோளாறோ ஒளிந்திருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். பதினோரு வருடமாக அடுத்தவர் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கிறவள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

எங்கள் ஊர்க் காற்றில் உப்பும் நிலக்கரித் தூசும் கலந்தே வரும். லென்ஸில் படிந்துவிடும். அதனால் தினமும் காலையில் அதைத் துடைத்ததும், என் வலது கண்ணையே ஒரு படம் எடுத்து, மங்கல் இல்லாமல் விழுகிறதா என்று பார்த்துவிட்டு அழித்துவிடுவேன். முகாமிலும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். முகாமின் முதல் டோக்கன், மீன் விற்கும் ஒரு அக்கா, வயது நாற்பத்திரண்டு. இடது கண்ணுக்கு நாற்பத்தொன்று என்ற கம்ப்யூட்டர், வலது கண்ணுக்கு அறுபத்து மூன்று என்றது. ஒரே முகத்தில் இரண்டு வயது. வலது கண் படத்தில் குழாய்கள் கம்பி மாதிரி இறுகிக் கிடந்தன. அங்கங்கே ரத்தம் தீற்றலாகக் கசிந்திருந்தது. இருட்டறையில் அந்தச் சிவப்பு வட்டம் திரையில் நின்று என்னையே பார்ப்பது போலிருந்தது. சும்மா சொல்லவில்லை, உடம்பு சிலிர்த்துவிட்டது.

"ஒரு பக்கம் மட்டும்னா கழுத்துக் குழாயில அடைப்பா இருக்கலாம். ஸ்ட்ரோக் வந்துரும். இன்னைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

ஆட்டோ பிடித்து ஓடினேன். எனக்கு அன்றும் பின்மண்டையில் வலி. இரண்டு மாதமாகவே இருந்ததுதான். வெயில்தான் காரணம் என்று நினைத்து, சுக்கை உரசிப் பற்றுப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

மீன் ஏலம் நடக்கிற இடத்தில் அந்த அக்கா கூடையோடு நின்று உரக்க விலை பேசிக்கொண்டிருந்தார். "எனக்கென்ன நர்சம்மா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சிரித்தார். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லவும் நேரமில்லை. "நாளைக்கு நீங்க எந்திரிக்காமப் போனா உங்க பிள்ளைகளை யாரு பார்ப்பா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் செத்துப்போனது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கூடையைப் பக்கத்தில் இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். வழியெல்லாம் வலது கண்ணைப் பொத்துவதும் திறப்பதுமாக இருந்தார். "நல்லாத்தான தெரியுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் அவருக்கு ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. புதிதாக எடுத்த படத்தில் வலது கண் படு சுத்தம். நேற்று கசிந்திருந்த ரத்தம் ஒரே நாளில் எங்கே போகும்? டாக்டர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார். ரத்தக்குழாய் பிரிகிற விதம் கைரேகை போல ஆளுக்கு ஆள் வேறு. "இது இவங்க கண்ணே இல்ல" என்றார்.

முகாமில் எடுத்த அத்தனை வலது கண்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. டோக்கன் வாங்காத, எங்கள் முன் வந்து உட்காராத யாரோ ஒருவரின் கண் அந்த ஃபைலுக்குள் இருந்தது. ஏசி அறையில் எனக்கு வியர்த்து ஊற்றியது.

பின்னால் நின்ற அக்கா, "அந்த ஆளு இப்ப எங்கன கெடக்காவளோ, தேட வேண்டாமா?" என்றார். தன் கண் இல்லை என்று தெரிந்தும் அந்தக் கவலைதான் அவருக்கு. சற்று யோசித்துவிட்டுக் கேட்டார். "நான் உள்ள வரும்போது நீங்கதான நர்சம்மா அதுல கண்ண வச்சிக்கிட்டு இருந்திய?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டம் நெருக்குகிறதே என்று அவர் பெயரை முதலிலேயே பதிந்துவிட்டு, அந்தப் பக்கத்திலேயே என் கண்ணைப் படமெடுத்திருக்கிறேன். பிறகு அவருடைய இரண்டு கண்களையும் எடுத்து முடித்து, என்னுடையதை அழிப்பதாக நினைத்து அவருடைய வலது கண்ணை அழித்துவிட்டு, என்னுடையதை விட்டுவைத்திருக்கிறேன். படம் படமாக ஒப்பிட்டு நாங்கள் தேடிய அந்த ஆள் நான்தான். எனக்கு வயது முப்பத்தெட்டு.

என்னை உட்கார வைத்துப் படமெடுத்தார்கள். அதே குழாய், அதே பிரிவு, அதே ரத்தத் தீற்றல். இடது கண்ணும் அதற்குச் சளைத்ததாக இல்லை. ரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டி நின்றது. இந்த நிலையில் நடமாடியதே ஆச்சரியம் என்றார் டாக்டர்.

வீணாகப் பயமுறுத்தி, அரைநாள் வியாபாரத்தையும் கெடுத்த என்னை அந்த அக்கா நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அவரோ மீன்வாடை போகாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏளா, பயப்படாத. ஒம் வீட்டுக்காரர் வார வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்." நர்சம்மா போய், வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற ஏளா ஆனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சொன்னபடியே என் கணவர் வரும்வரை நகரவில்லை.

இப்போது தினமும் மாத்திரை, உப்பில் கட்டுப்பாடு. கருவாட்டை மறந்தாயிற்று. தலைக்கனமும் தலைவலியோடு போய்விட்டது. வேலையில் மட்டும் மாற்றமில்லை, காலையில் முதல் படம் என் கண்தான். எத்தனையோ நாள் அந்தக் கண் திரையில் வந்து நின்றிருக்கிறது. நான் லென்ஸில் தூசு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அழித்திருக்கிறேன். இன்றும் அழிக்கும் பொத்தானில் விரல் வைக்கும்போதெல்லாம், அன்று பிழையில்லாமல் சரியான படத்தை அழித்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்ற கேள்வி வந்து, விரல் ஒரு நொடி நின்றுவிடுகிறது.