தூங்காத இடம்

தொண்ணூறுகளில் போத்தனூர் ஜங்ஷனைச் சுற்றி வீடில்லாமல் வாழ்ந்த இளம்பெண்களுக்காக வேலை செய்தேன். ஜெர்மனியில் இதே வேலை பார்க்கும் ஒரு பெண் எங்களோடு சேர்ந்து பழக வந்திருந்தாள். வீடில்லாத பெண்களை ஆபீசுக்கு அழைக்கக்கூடாது, அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும் என்பது அவள் முறை. எனக்கும் அது பிடித்துப்போனது.

அந்தப் பெண்களில் ஒருத்தியான, பிளாஸ்டிக் பொறுக்கும் செல்வியிடம், அவர்கள் தங்கும் இடத்தைக் காட்டச் சொல்லிக் கெஞ்சினேன். ரயில்வே யார்டு ஓரத்தில் துருப்பிடித்து நின்ற சரக்கு ரயில் பெட்டியைக் காட்டினாள். அவளும் தோழிகளும் பயமில்லாமல் தூங்கிய ஒரே இடம் அது. விருந்தாளி அங்கே சம்மணமிட்டு உட்கார்ந்து மதியம் முழுக்கச் சிரித்துப் பேசினாள்.

வெள்ளைக்காரி போய்வந்த இடம் போலீஸ் கண்ணில் படாமல் இருக்குமா? மறுநாள் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். பெண்களின் துணிமணிகள் தண்டவாளத்தில் கிடந்தன. விருந்தாளி அழுதாள், பிறகு ஊருக்குப் போய்விட்டாள்.

செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். துணியை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள்: "பரவால்லீங்க்கா. அடுத்த தடவ ஆரையாச்சும் கூட்டிட்டு வாரதா இருந்தா முன்னாடியே சொல்லிப்போடுங்க. நாங்க தூங்காத எடமாப் பாத்துக் காட்டறோம்."

அதன்பின் வந்த விருந்தாளிகளையெல்லாம் அந்த மாதிரி இடத்துக்குத்தான் அழைத்துப்போனேன். அவர்களும் மனமுருகித்தான் திரும்பினார்கள். உண்மையில் எங்கே தூங்குகிறாள் என்று செல்வி எனக்கும் சொல்லவில்லை.